கியூ.இ.2 கப்பலில் ஒரு குளிர்காலம்: நீங்கள் கேட்டவையும் எனக்குத் தெரிந்தவையும்

நான் கப்பலில் வேலை பார்த்தவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துபாயில் ஏசி பராமரிப்பு வேலை. 2008 நவம்பர் 26 அன்று குயின் எலிசபெத் 2, சுருக்கமாக கியூ.இ.2, ஓய்வு பெற்று ரஷீத் துறைமுகத்துக்கு வந்தபோது கரையில் நின்று பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. பழைய நிகழ்ச்சி நிரல்கள், சாப்பாட்டு அட்டைகள், அதில் போய்வந்தவர்களின் பேச்சு என்று சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். கப்பல் ஹோட்டலான பிறகு மூன்று முறை தங்கியும் விட்டேன். குளிர்காலப் பயணத்தில் அதற்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாக வருகிறேன்.

மதுரைக்காரன்: அண்ணா, லைனர், குரூஸ் கப்பல் எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?

இல்லை தம்பி. லைனர் என்பது ரூட் பஸ், குரூஸ் கப்பல் என்பது டூரிஸ்ட் வண்டி. சவுத்தாம்ப்டனில் கிளம்பி நியூயார்க்கில் இந்தத் தேதிக்கு இறங்க வேண்டும் என்றால் இறங்கியே ஆக வேண்டும், வழியில் புயல் என்று சாக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் கத்தி மாதிரி முனை, தண்ணீருக்குள் 10 மீட்டர் அளவுக்கு இறங்கும் அடிப்பாகம், 28.5 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 53 கிலோமீட்டர். சாதாரண குரூஸ் கப்பல் 20 நாட் பக்கம்தான் போகும், வானிலை கெட்டால் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குளிர்கால உல்லாசப் பயணம் என்பது, சீசன் இல்லாத மாதத்தில் ரூட் பஸ்ஸைக் கல்யாண ட்ரிப்புக்கு விடுகிற கதை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லப்போகிற பாதி விஷயம் தானாகப் புரியும்.

உப்புக்காற்று: அந்த யோசனை யாருக்கு வந்தது சார்? குளிர்காலத்தில் ஏன்?

ஜனவரியில் வட அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவு. கப்பலைக் கட்டிப்போட்டாலும் செலவு நிற்காது. ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின் 1891 ஜனவரியில் அகுஸ்தா விக்டோரியா என்ற லைனரை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார், அங்கிருந்துதான் இந்த வழக்கம் பிடித்துக்கொண்டது. 1922 நவம்பரில் குனார்டின் (கியூ.இ.2-ஐ ஓட்டிய அதே பிரிட்டிஷ் நிறுவனம்) லக்கோனியா நியூயார்க்கிலிருந்து உலகத்தையே சுற்றக் கிளம்பிவிட்டது.

ஆனால் குளிர்க் கடலுக்காகக் கட்டிய கப்பல் வெயிலுக்குப் போனால் என்ன ஆகும்? இங்கேதான் வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்களின் பிரான்ஸ் கப்பலில் மேல்தள நீச்சல் குளத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதைத் திறக்கவே முடியாது. அட்லாண்டிக் குளிருக்கு அருமையான ஏற்பாடு, ஆனால் வெப்பக் கடலுக்குப் போனால் உள்ளே இருப்பவர் புழுங்கித்தான் போவார். அது பனாமா கால்வாயிலும் நுழையாது, 1972 உலகப் பயணத்தில் தென்னமெரிக்காவின் கடைசி முனையான ஹார்ன் முனையைச் சுற்றிப் போனது. பழைய குயின் எலிசபெத்தை 1963-இல் பஹாமாஸுக்கு அனுப்பியபோது அதில் திறந்தவெளிக் குளமே கிடையாது, பிறகுதான் கட்டினார்கள்.

கியூ.இ.2 இந்தப் பாடத்தையெல்லாம் படித்துவிட்டுப் பிறந்த கப்பல். பனாமா கால்வாயின் பழைய மதகுகள் 110 அடி அகலம், இது 105 அடி. மேல்தளங்களை அலுமினியத்தில் கட்டி எடையைக் குறைத்தார்கள், அதனால் பழைய குயின்களால் போக முடியாத துறைமுகங்களுக்கும் போக முடிந்தது. அட்லாண்டிக்கில் இரண்டு வகுப்பு, உல்லாசப் பயணத்தில் ஒரே வகுப்பு என்று மாற்றிக்கொள்ளும்படி வரைபடத்திலேயே யோசித்திருந்தார்கள். முதல் பயணம் 1969 மே 2, முதல் உலகப் பயணம் 1975.

சேலம் சித்தி: தம்பி, அறையில் பால்கனி உண்டா? படத்தில் வட்ட ஜன்னல்தான் தெரிகிறது.

பெரும்பாலான அறைகளுக்கு அந்த வட்ட ஜன்னல்தான் சித்தி, பல அறைகளுக்கு அதுவும் கிடையாது. பின்னாளில் உச்சியில் பெட்டி பெட்டியாக ஏற்றிவைத்த விலை உயர்ந்த அறைகளுக்கு மட்டும் பால்கனி. தனியாகப் போகிறவர்களுக்கென்று ஒற்றைக் கட்டில் அறைகள் நிறைய இருந்தன, இன்றைய கப்பல்களில் அது அரிது. அறை சிறியது என்பதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை, ஏனென்றால் தூங்குவதற்கும் உடை மாற்றுவதற்கும் தவிர அங்கே யார் இருந்தார்கள்?

கணக்குவாத்தியார்: மூன்று மாதம் கடலில் போரடிக்காதா? ஒரு நாளை எப்படித்தான் ஓட்டினார்கள்?

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். துறைமுகம் வரும் நாளைவிட, கரையே தெரியாத நாள்தான் தங்களுக்குப் பிடிக்கும் என்று லைனர் பயணிகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் இரவே மறுநாள் நிரல் அறைக்கு வந்துவிடும். காலையில் ஸ்டூவர்ட், அதாவது அறையைக் கவனிக்கும் பணியாளர், தேநீர் கொண்டுவருவார். படகுகள் தொங்கும் தளத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றத் தொடங்குவார்கள், நம் ஊர்ப் பூங்காவில் காலை ஆறு மணிக்குப் பார்க்கிற அதே முகங்கள், எதிரே வருகிறவர்மேல் அதே மெல்லிய எரிச்சல். பிறகு சொற்பொழிவு. ஓய்வுபெற்ற தூதர், வரலாற்றுப் பேராசிரியர், நடிகர் என்று யாராவது ஒருவர் பேசுவார். ஒரு பக்கம் பிரிட்ஜ் சீட்டாட்டம், ஒரு பக்கம் நடன வகுப்பு. தனியாக வந்த பெண்களோடு ஆடுவதற்கென்றே நிறுவனம் சில கண்ணியமான ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் யாரோடும் அதிகம் ஒட்டக் கூடாது, எல்லோரோடும் சமமாக ஆட வேண்டும். கஷ்டமான உத்தியோகம்தான்.

நண்பகலில் ஒலிபெருக்கியில் கேப்டன் நின்று கப்பலை நடத்தும் மேடையிலிருந்து அறிவிப்பு வரும்: எங்கே இருக்கிறோம், நேற்று நண்பகலிலிருந்து எத்தனை கடல் மைல் ஓடியிருக்கிறோம், காற்று எப்படி. பழைய லைனர்களில் அந்த மைல் கணக்கின் மேல் பந்தயம் கட்டுவது ஒரு தனிப் பொழுதுபோக்கு. மாலை நாலு மணிக்கு குயின்ஸ் ரூமில் தேநீர், வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர்கள், விரல் நீள சாண்ட்விச், ஸ்கோன். நூலகத்துக்கென்று முறையாகப் படித்த நூலகர் ஒருவர் இருந்தார். சினிமா உண்டு, கோல்டன் லயன் என்று ஒரு மதுக்கூடம் உண்டு.

அப்புறம் துணி துவைக்கும் அறை. இது எந்த விளம்பரப் புத்தகத்திலும் வராது. கழுத்தில் வைரம் போட்ட சீமாட்டிகள் துணி உலர்த்தும் மெஷினுக்காக வரிசையில் நின்று சண்டை போட்டதைப் பற்றி மட்டும் நாலு பேர் நாலு விதமாக எனக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள். கப்பலின் உண்மையான செய்தி நிலையம் அதுதான் என்பார்கள்.

பயந்தாங்கொள்ளி: எனக்கு ராமேஸ்வரத்தில் படகு ஏறினாலே வாந்தி. இதில் எப்படி?

குளிர்காலப் பயணத்தின் முதல் வாரம் இருக்கிறதே, அதுதான் பரீட்சை. ஜனவரியில் சவுத்தாம்ப்டனை விட்டு நியூயார்க்குக்குப் போவது என்றால் வருடத்திலேயே மோசமான கடலைக் கடப்பது. வெயில் தேடிப் போகிறவர்கள் முதலில் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். படிக்கட்டுக் கைப்பிடிகளில் காகிதப் பைகள் செருகி வைப்பார்கள். சாப்பாட்டு மேசைவிரிப்பைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிடுவார்கள், தட்டு வழுக்காது. நீச்சல் குளத்தை மூடிவிடுவார்கள். மருத்துவரிடம் ஊசி உண்டு. பச்சை ஆப்பிள், இஞ்சி, காய்ந்த பிஸ்கட் என்று கைவைத்தியமும் ஓடும்.

கப்பலின் பக்கங்களில் நாலு ஸ்டெபிலைசர் துடுப்புகள் இருந்தன. அவை இடமும் வலமுமாக ஆடுவதைத்தான் குறைக்கும், மூக்கு ஏறி இறங்குவதை ஒன்றும் செய்யாது. அதனால் இடம்தான் முக்கியம்: நீளவாக்கில் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தவருக்கு ஆட்டம் குறைவு. பெரும்பணம் கொடுத்து உச்சியில் பால்கனியோடு படுத்தவர் தொட்டிலில் கிடப்பார், மலிவு டிக்கெட்காரர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். எனக்கு இது ரொம்பப் பிடித்த நியாயம். பனாமா பக்கம் வருவதற்குள் கடல் எண்ணெய் மாதிரி ஆகிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

வாழையிலை: சைவச் சாப்பாடு கிடைக்குமா? எல்லோருக்கும் ஒரே சாப்பாடா?

ஒரே வகுப்பு என்று சொல்லிக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் எந்த அறைக்குக் காசு கட்டினீர்களோ அதுதான் எந்த உணவகம் என்று தீர்மானிக்கும். உச்சியில் குயின்ஸ் கிரில், அங்கே அட்டையில் இல்லாததைக்கூடக் கேட்கலாம். கீழே வந்தால் மௌரிடானியா உணவகத்தில் இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. சைவம் கேட்டால் முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைக்க வேண்டும், செய்துகொடுப்பார்கள். நம் நாக்குக்குக் காரம் போதாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

சாப்பாட்டைவிடப் பெரிய பிரச்சினை மேசை. பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே கூட்டம். பக்கத்தில் ஓயாமல் தன் மூட்டு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர் அமைந்துவிட்டால் நூறு இரவு அதுதான். விவரம் தெரிந்தவர்கள் இரண்டாம் நாள் காலையே மேசை மாற்றக் கேட்டுவிடுவார்கள், மூன்றாம் நாளாகிவிட்டால் மரியாதைக் குறைவு.

தறிக்காரர்: வேட்டி கட்டிப் போகலாமா?

பல இரவுகளில் ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் வில் வடிவக் கழுத்து டையும். தேசிய உடை என்றால் மறுப்பதில்லை என்றுதான் கேள்வி. பட்டு வேட்டியோடு போனால் அந்த இரவு உங்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள்.

இரவுப்பறவை: கடிகாரம் என்ன ஆகும்?

மேற்கே போகும்போது சில இரவுகளுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 25 மணி நேர நாள், ஒரு மணி நேரத் தூக்கம் இலவசம். கிழக்கே போனால் அதே ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள், வாரக் கணக்கில் அரைத் தூக்கத்தில் திரிவார்கள். பசிபிக்கில் தேதிக் கோட்டை மேற்கு நோக்கித் தாண்டினால் ஒரு முழு நாளே காலண்டரில் காணாமல் போகும். அன்று பிறந்தநாள் உள்ளவர் பாவம்.

டீசல்மணி: இன்ஜின் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை.

ஒரு வார்த்தையில் முடியாது மணி. முதலில் நீராவி டர்பைன். 1974 ஏப்ரலில் கரீபியன் பயணத்தின் நடுவே பெர்முடா அருகே கொதிகலன் தண்ணீரில் எண்ணெய் கலந்து கப்பல் அப்படியே நின்றுவிட்டது. கொதிகலன் இல்லையென்றால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லையென்றால் ஏசி இல்லை. என் தொழிலில் இருப்பவன் இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். சீ வெஞ்சர் என்ற கப்பல் வந்து 1,600-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிப் போனது. 1986-87 குளிர்காலத்தில் ஜெர்மனியின் பிரேமர்ஹாவனில் நீராவியைக் கழற்றிவிட்டு MAN நிறுவனத்தின் ஒன்பது டீசல் இன்ஜின்கள் வைத்தார்கள். அவை மின்சாரம் தயாரிக்க, தலா 44 மெகாவாட் கொண்ட இரண்டு மோட்டார்கள், கப்பலைத் தள்ளும் இரண்டு சுழலிகளைச் சுற்றும். அதன்பிறகு இருபது வருடம் ஓடியது.

கீழ்த்தளம்: பயணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலை செய்தவர்கள்?

சரியான குத்து. சுமார் 1,700 பயணிகளுக்கு ஏறக்குறைய 1,000 ஊழியர்கள். மேலே கம்பளம், கீழே இரும்புத் தரை. ஒரு சின்ன அறையில் இருவர், சிலசமயம் அதற்கும் மேல். அவர்களுக்கென்று தனி மதுக்கூடம், குனார்டு கப்பல்களில் அதன் பெயர் வழிவழியாக பிக் அண்ட் விசில். சம்பளத்தைவிட டிப்ஸை நம்பியே பலர் இருந்தார்கள், அதனால் உலகப் பயணத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பழைய பயணிகளின் காபிக்கு எத்தனை சர்க்கரை என்பது ஸ்டூவர்டுக்கு மனப்பாடம்.

மல்லிப்பூ: யாரோ ஒரு பாட்டி கப்பலிலேயே குடியிருந்தார் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

உண்மைதான் தங்கச்சி. ஒரு அமெரிக்க அம்மா, கணவர் அந்தக் கப்பலிலேயே ஒரு உலகப் பயணத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு 2000 முதல் 2008-இல் கப்பல் ஓய்வு பெறும் வரை அங்கேயே வாழ்ந்தார். முதியோர் இல்லத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை என்பது அவர் கணக்கு. சமையல் இல்லை, படுக்கை விரிக்க ஆள், மருத்துவர் கீழ்த்தளத்தில், மாலையில் ஆட ஒரு துணை. நவம்பரில் எல்லோரும் இறங்கியபோது அவருக்கு மட்டும் அது வீட்டைக் காலி செய்வது.

துபாய்வாசி: நானும் இங்கேதான் இருக்கிறேன். போனால் எதைப் பார்க்க வேண்டும்?

2018-லிருந்து ஹோட்டல். சுற்றிக்காட்டும் நடை உண்டு, அதில் சேருங்கள். ஓடுகிற லைனரில் போக வேண்டும் என்றால் இப்போது குயின் மேரி 2 ஒன்றுதான், ஜனவரி தோறும் நீண்ட பயணம் கிளம்புகிறது, விலையைப் பார்க்கும்போது உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.

கியூ.இ.2-இல் அறைகளுக்கு நடுவே போகும் நீளமான தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்து நில்லுங்கள். முன்னாலும் பின்னாலும் பார்த்தால் தரை இரு முனையிலும் மெல்ல மேலே ஏறும். அலையைத் தாங்குவதற்காக வளைத்துக் கட்டிய தளம் அது. கப்பல் இப்போது அசைவதே இல்லை, ஆனாலும் முதல் தடவை நான் பக்கத்திலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.