ரேகை விழாத விரலும் வராத பென்ஷனும்: கேள்வி பதில்

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதியோர் பணம், மருத்துவக் காப்பீடு பற்றி ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரை பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மகள்: அண்ணே, அம்மாவுக்கு 66 வயது. சின்னப் பிள்ளையிலிருந்து பாசி எடுத்தவர். முதியோர் பணம் எடுக்கப் போனால், ரேகை விழவில்லை என்று, விரல் ரேகை வைத்துப் பணம் கொடுக்கிற மெஷின்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பாறை இடுக்கில் பாசி பறிக்கிறவர்களுக்கு, துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரேகை விழவில்லை என்றால் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை தங்கச்சி. பணம் அம்மா கணக்கில்தான் இருக்கிறது. பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்கே கூட்டிப் போங்கள். பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்தோ, சாட்சியோடு கைநாட்டோ வைத்து வாங்கலாம்.

மெஷினில்தான் எடுக்க வேண்டும் என்றால் வெந்நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கட்டை விரலையே திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. பலருக்கு மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ரேகை மிச்சம் இருக்கும். அப்புறம் ஒருநாள் ஆதார் மையத்துக்குப் போய் ரேகையையும் கருவிழிப் பதிவையும் புதுப்பித்துவிடுங்கள். இதை இப்போதே செய்தால், நாளைக்கு ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக்கும் உதவும்.

முதியோர் பணம் எவ்வளவு, அதை யார் தருகிறார்கள் என்று இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தீர்கள். 2023 ஆகஸ்டில் மாநில அரசு இந்தத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது. அதில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 ஆனால் 500. மீதியை மாநிலம் போடுகிறது. அந்த 200 பல வருடமாக அசையாமல் கிடக்கிறது. விலைவாசிக்கு இதெல்லாம் ஒரு தொகையா என்று எனக்கும் கோபம்தான்.

கீழக்கரையிலிருந்து: வாப்பாவுக்கு 73 வயது. நான் துபாயில் இருக்கிறேன், வீட்டில் ஓரளவு வசதி உண்டு. காப்பீடு கிடைக்குமா?

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதில் உங்கள் வாப்பா வர மாட்டார். ஆனால் 70 வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. கேட்பது ஆதார் மட்டும்தான். உம்மாவுக்கும் 70 ஆகிவிட்டால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆளுக்குத் தனித்தனியாக இல்லை. முன்பே இருக்கிற சர்க்கரை, இதய நோய்க்கும் காத்திருப்புக் காலம் கிடையாது. மாத்திரைச் செலவுக்கும் வெளிநோயாளிச் சீட்டுக்கும் இது ஆகாது, படுக்கையில் சேர்ந்தால்தான்.

வயதை ஆதாரை வைத்தே முடிவு செய்கிறார்கள். நம் பக்கம் பாதிப் பெரியவர்களுக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1. வருடம் தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதனால் சரியான ஆவணத்தோடு போங்கள். காப்பீட்டு அட்டை கையில் இருந்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறீர்களோ அங்கே உள்ள காப்பீட்டு கவுன்டரில் இந்த அட்டை செல்லுமா, இந்த சிகிச்சைக்கு உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். சேர்த்த பிறகு சண்டை போடுவதில் லாபமில்லை.

மண்டபத்திலிருந்து: நண்டு கம்பெனியில் ஒன்பதே முக்கால் வருடம் வேலை பார்த்தேன். பி.எஃப். பிடித்தார்கள். பத்து வருடம் ஆகவில்லை, பென்ஷன் இல்லை என்கிறார்கள்.

யார் சொன்னது அக்கா? ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருடமாகக் கணக்கெடுப்பார்கள். ஒன்பதரை வருடம் தாண்டினால் பத்துதான். அவசரப்பட்டு பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கணக்கு இதுதான்: சராசரிச் சம்பளத்தை வேலை செய்த வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 10,000 என்றால் பத்து வருடத்துக்கு மாதம் 1,428 ரூபாய் வரும். 58 வயதில் முழுத்தொகை. 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும், அதுவும் ஆயுளுக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பொறுப்பேன். பென்ஷன் கேட்டு எழுதிக்கொடுக்கும் படிவம் 10டி.

பாம்பனிலிருந்து: அப்பா ரயில்வே பென்ஷனர், 82 வயது, நடக்க முடியாது. உயிரோடு இருக்கிறார் என்று நவம்பரில் கொடுக்கும் ஆயுள் சான்றுக்கு வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம் தம்பி. 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1லிருந்தே வாங்குகிறார்கள். போனில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2021 முதல் இருக்கிறது. அது வரவில்லை என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள், அஞ்சலக பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து எடுப்பார்.

மூக்கையூரிலிருந்து: அப்பாவுக்கு 68, இன்னும் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறார். விபத்துக் காப்பீடு உண்டா?

18 முதல் 70 வயது வரையிலான மீனவர்களுக்கு, பிரீமியத்தை அரசே கட்டுகிற குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. இறந்தாலும், நிரந்தரமாக முழுதும் முடமானாலும் 5 லட்சம். பதிவு இருக்கிறதா என்று மீன்துறை அலுவலகத்தில் பாருங்கள். 70ஐத் தாண்டியபின் அது கிடையாது.

தொண்டியிலிருந்து: முதியோர் பணத்துக்கு எழுதிக்கொடுத்து நாளாகிறது. ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

சல்லிக்காசு கொடுக்காதீர்கள். இ-சேவையில் பதிந்தபோது கொடுத்த ரசீது எண்ணை எடுத்துக்கொண்டு, சமூக பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் நிலை என்ன என்று கேளுங்கள். தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அங்கேயும் பதில் இல்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், மனுவோடு போங்கள். போக ஆள் இல்லாதவர்கள் 14567க்கு போன் போடலாம், முதியோருக்கான கட்டணமில்லா எண் அது.