ஒன்பது பாடம் வேண்டாம், நான்கு போதும்

கேள்வி:
அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு, நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கிறேன். வரும் ஆகஸ்ட்டில் மூன்றாம் ஆண்டு. தொடக்கக் கல்லூரியில் எச்2 நிலையில் வேதியியலும் இயற்பியலும் எடுத்தேன். உயிரியலை உயர்நிலை நான்கோடு விட்டுவிட்டேன். பட்டம் வாங்கிய கையோடு, பட்டதாரிகளைச் சேர்க்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் சேர ஆசை. மருத்துவம் படிக்கும் சீனியர் ஒருவர், "இதெல்லாம் முடித்துவிட்டு வந்தால் நல்லது" என்று ஒன்பது பாடங்களை எழுதிக் கொடுத்தார்: செல் உயிரியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், உடற்கூறியல், மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், உளவியல். மருத்துவப் பள்ளி நுழைவுக்கான எம்கேட் தேர்வும் எழுத வேண்டும். நான்காம் ஆண்டு முழுக்க இறுதியாண்டுப் புராஜெக்ட் இருக்கிறது. வாரக்கடைசியில் ஆறு மணி நேரம் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு நிலவரத்தில் அதை விட முடியாது. "ஒன்றையும் விடாமல் முடித்துவிட்டுப் போ" என்கிறார் அப்பா. கூடவே இருக்கும் பாட்டி, "உடம்பைக் கெடுத்துக்காதே" என்கிறார். எதை எப்போது எடுப்பது? கடைசி விடுமுறையில் அனாட்டமி புத்தகம் வாங்கிப் படிக்கத் தொடங்கலாமா?
– செங்காங் வாசகி

பதில்:
அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் பொறியியலிலிருந்து மருத்துவத்துக்கு வந்தவள்தான். இதே மாதிரி ஒரு பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதனால் உன் அப்பா சொல்வதும் எனக்குப் புரிகிறது, பாட்டி சொல்வதும் புரிகிறது. இந்த விஷயத்தில் நான் பாட்டி பக்கம்.

முதலில் ஒரு கணக்கு. உன் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு நான்கு யூனிட். ஒரு யூனிட்டுக்கு வாரம் இரண்டரை மணி நேர உழைப்பு என்பது அவர்களே வைத்திருக்கும் அளவு. ஆக, ஒரு பாடம் என்றால் வாரம் பத்து மணி நேரம். ஐந்து பாடம் எடுத்தால் ஐம்பது. டியூஷனையும் சேர்த்தால் ஐம்பத்தாறு. இதற்கு மேல் ஆறாவதாக ஒரு அறிவியல் பாடத்தை ஏற்றினால் அறுபத்தாறு. செங்காங்கிலிருந்து கென்ட் ரிட்ஜ் வளாகத்துக்குப் போய்வரும் நேரம் இதில் சேரவில்லை. ஒரு செமஸ்டரில் பாடம் நடப்பது பதின்மூன்று வாரம். ஆறாம் வாரம் முடிந்து வரும் இடைவேளை வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த வாரம் அடுத்து வரும் டெஸ்டுகளுக்கே போய்விடும்.

அதனால் ஐந்துக்கு மேல் எடுக்காதே. உனக்கு இருக்கும் விருப்பப்பாட இடங்களுக்குள் எது அடங்குமோ அதுதான் பட்டியல். அது ஒன்பது அல்ல, நான்கு.

எந்த நான்கு என்பதற்கு முன், எந்த வரிசை என்று பார்ப்போம். பட்டம் முடிந்த அதே ஆகஸ்ட்டில் மருத்துவப் பள்ளியில் உட்கார வேண்டுமென்றால், விண்ணப்பத்தை அதற்கு முந்தைய ஆண்டே போட வேண்டும். விண்ணப்பத்தோடு எம்கேட் மதிப்பெண் வேண்டும். தேர்வு எழுதி மதிப்பெண் கைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே நீ தேர்வு எழுத வேண்டிய காலம் மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் விடுமுறை. உன் பட்டியலின் குறுக்கே அந்த இடத்தில் ஒரு கோடு போடு. கோட்டுக்கு முன்னால் வருவது தேர்வுக்கு உதவ வேண்டும். கோட்டுக்குப் பின்னால் வருவது மருத்துவப் பள்ளியின் முதலாம் ஆண்டுக்கு உதவ வேண்டும். இரண்டுக்கும் உதவாதது பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. என் காலத்தில் இந்தக் கோட்டை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எம்கேட்டில் நான்கு பகுதிகள். வேதியியல்-இயற்பியல் பகுதியில் பொது வேதியியல் சுமார் 30 விழுக்காடு, உயிர்வேதியியல் 25, இயற்பியல் 25, கரிம வேதியியல் 15. உயிரியல் பகுதியில் உயிரியல் 65, உயிர்வேதியியல் மறுபடியும் 25. இன்னொரு பகுதி பெரும்பாலும் உளவியலும் சமூகவியலும். மற்றொன்று வாசிப்புத் திறன்: 90 நிமிடத்தில் 53 கேள்விகள். இந்த எண்களைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். இரண்டு பகுதிகளில் கால்பங்கு பிடிப்பது உயிர்வேதியியல். கரிம வேதியியலுக்கு அந்த இடம் இல்லை. அதுவும் தொடக்கக் கல்லூரி எச்2 வேதியியலில் கரிம வேதியியலை நீ நிறையவே படித்திருக்கிறாய்: ஆல்கஹால், கார்போனைல், கார்பாக்சிலிக் அமிலம், அமினோ அமிலம் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அவற்றை எடுத்துத் தூசி தட்டு. அதற்கென்று தனியாக ஒரு செமஸ்டர் இடத்தைச் செலவழிக்காதே. இயற்பியல் உன் சொந்த வீடு.

எனவே மூன்றாம் ஆண்டு முதல் செமஸ்டரில் செல் உயிரியலும் உளவியல் அறிமுகமும். உயிரியலைத் தொட்டு நான்கு ஆண்டுக்கு மேலான ஒருவர் நேராக உயிர்வேதியியலில் குதிக்கக் கூடாது. செல்லுக்குள் என்னென்ன அறைகள் என்று தெரிந்தபின் அங்கே நடக்கும் சமையலைப் படிக்கலாம். இரண்டாவது செமஸ்டரில் உயிர்வேதியியல் மட்டும். அதற்குத் துணையாக வேறு எந்த அறிவியல் பாடமும் வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இதை நேர்மாறாகச் செய்து பட்டவள்.

என் இறுதியாண்டில், புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உயிர்வேதியியலையும் கரிம வேதியியலையும் ஒரே செமஸ்டரில் எடுத்தேன். திங்கட்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை லேப். புதன்கிழமை புராஜெக்ட் கூட்டம். வேறு வழியில்லாமல் மனப்பாடம் செய்தேன். செல் உணவிலிருந்து சக்தி எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியின் எட்டுப் படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நல்ல கிரேடும் வந்தது.

பிறகு மருத்துவ மாணவியாக வார்டில் ஒரு இரவு. விடிகாலை மூன்று மணி இருக்கும். ஐம்பது வயது தாண்டிய டாக்சி ஓட்டுநர் ஒருவர். இன்சுலினை நிறுத்தி நாலைந்து நாள் ஆகியிருந்தது. படுக்கையில் சாய்ந்து, ஓடி வந்தவர் மாதிரி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. பணியிலிருந்த மருத்துவர் என்னைப் பார்த்து, "இவருக்கு நுரையீரலில் கோளாறே இல்லை. பிறகு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?" என்று கேட்டார். என் தலைக்குள் எட்டுப் படிகளும் வரிசையாக நின்றன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

அவர் கை துடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்துப் பேனாவால் வரைந்து காட்டினார். இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பை உடைக்கிறது. அதிலிருந்து அசிட்டைல்-கோஏ என்ற மூலக்கூறு குவிகிறது. அதை வாங்கிக் கிரெப்ஸ் சுழற்சிக்குள் விட வேண்டிய ஆக்சலோ அசிட்டேட்டைக் கல்லீரல் சர்க்கரை தயாரிக்க எடுத்துக்கொண்டுவிட்டது. வாசல் அடைபட்ட அசிட்டைல்-கோஏ கீட்டோன்களாக மாறுகிறது. அவை அமிலங்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியதும் அதைச் சமன் செய்யும் பைகார்பனேட் அதோடு போராடித் தீர்ந்துபோகிறது. மிச்ச வழி, கரியமில வாயுவை மூச்சாக ஊதித் தள்ளுவது. அந்த வாடை அசிட்டோன். ஐந்தே நிமிடம். நான் ஒரு செமஸ்டர் முழுக்க மனப்பாடம் செய்தது அந்தக் காகிதத்தில்தான் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது.

அதனால்தான் உயிர்வேதியியலுக்கு ஒரு செமஸ்டரைத் தனியாகக் கொடு என்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள், வெற்று ஏ4 தாளில் அந்த வாரம் படித்த பாதையை நினைவிலிருந்து வரை. வரைந்தபின் ஏதாவது ஒரு நொதியின் மேல் பெருக்கல் குறி போட்டு, இந்தக் கதவு மூடினால் எது தேங்கும், எது வற்றும், உடம்பு எந்தப் பக்கமாகப் போகும் என்று எழுது. நீ மின்பொறியாளர், ஒரு கம்பியை வெட்டினால் சுற்றில் என்ன ஆகும் என்று யோசிக்கப் பழகியவள். அதையேதான் இங்கேயும் செய்கிறாய்.

பாடப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. உயிர் அறிவியல் பாடங்களில் அந்தத் துறை மாணவர்களுக்கே முன்னுரிமை இருக்கும். சிலவற்றுக்கு முன்தேவைப் பாடமும் உண்டு. பாட அட்டவணை போட்டுப் பார்க்கும் என்யுஎஸ்மாட்ஸ் தளத்தில் இப்போதே போட்டுப் பார். லேப் நேரம் உன் துறையின் கட்டாயப் பாடத்தோடு மோதுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மோதினால் இரண்டு செமஸ்டரையும் வைத்து மாற்றி அடுக்கிப் பார். எந்தப் பதிவுச் சுற்றிலும் இடம் கிடைக்காமல் போனால் உளவியலை விட்டுக்கொடு, உயிர்வேதியியலை விடாதே. உளவியலை விடுமுறையில் நீயாகவே படித்துக்கொள்ள முடியும். இன்னொன்று, இந்தப் பாடங்களில், கிரேடுக்குப் பதில் தேறியதா இல்லையா என்று மட்டும் காட்டும் எஸ்/யு வசதியைப் பயன்படுத்தாமல் இருக்கப் பார். பொறியியலிலிருந்து வரும் ஒருவருடைய மதிப்பெண் பட்டியலில், உயிரியலிலும் உயிர்வேதியியலிலும் தெளிவாக ஒரு கிரேடு இருப்பது உனக்காகப் பேசும். சுமையைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையை எம்கேட்டுக்கு என்று ஒதுக்கு. டியூஷனைத் தொடரலாம், கெடுதல் இல்லை. வாசிப்புப் பகுதிக்கு மட்டும் இன்றிலிருந்தே தினமும் அரை மணி நேரம் கனமான ஆங்கிலக் கட்டுரைகளைப் படி. பொறியியல் பிள்ளைகள் கோட்டை விடும் இடம் அது.

நான்காம் ஆண்டு முதல் செமஸ்டரில் உடலியங்கியல். இதுதான் கோட்டுக்குப் பின்னால் வரும் ஒரே பாடம். டியூக்-என்யுஎஸ்ஸில் படிப்பே நான்கு ஆண்டுதான். அடிப்படை மருத்துவ அறிவியல் முழுவதையும் முதல் ஒரே ஆண்டில் முடித்து, இரண்டாம் ஆண்டில் வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேகத்தில் ஓடும்போது இதயமும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன என்று முன்பே ஒருமுறை யோசித்திருப்பவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். உனக்கு இது பிடிக்கும் என்று பந்தயமே கட்டுவேன். 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையை வைத்து, நரம்புச் சவ்வு ஒரு மின்சுற்று என்று காட்டினார்கள். சவ்வு ஒரு மின்தேக்கி. சோடியமும் பொட்டாசியமும் போகும் வழிகள் மாறும் மின்தடைகள். அதற்காக 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு. உயிரியல் மாணவர்கள் மிரளும் அந்தச் சமன்பாடுகள் உனக்குப் பழைய நண்பர்கள்.

கடைசி செமஸ்டரில் அறிவியல் பாடம் எதுவும் வேண்டாம். புராஜெக்டை நன்றாக முடி.

மற்றவை? புள்ளியியல் உன் பொறியியல் படிப்பிலேயே ஓரளவு வந்திருக்கும். மரபியலும் நுண்ணுயிரியலும் நல்ல பாடங்கள், ஆனால் காத்திருக்கும். அப்பாவுக்கு மனம் உறுத்துவது உடற்கூறியலாகத்தான் இருக்கும். உடம்பின் எலும்பு நரம்பு தெரியாமல் மருத்துவமா என்று தோன்றுவது இயல்புதான். அவரிடம் இப்படிச் சொல்: உடற்கூறியலை மருத்துவப் பள்ளியில் எல்லாருக்கும் முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். உடலை நேரில் பார்த்து, தொட்டு, குழுவாகப் பேசிப் படிக்கும் பாடம் அது. ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் புத்தகத்தில் மனப்பாடம் செய்த தசைப்பெயர்கள் அதுவரை தங்குவதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி எந்தத் துறைப் பட்டதாரியையும் எடுத்துக்கொள்கிறது. அங்கே உன் வகுப்பில் பொருளியல் படித்தவரும் இருக்கலாம். ஒன்பது பாடம் முடித்தவர்தான் தேறுவார் என்ற பயம் அப்பாவுக்கு வேண்டாம். சேர்க்கை விதிகளை மட்டும் பள்ளியின் அறிவிப்பில் ஆண்டுதோறும் நீயே நேரடியாகப் பார். சீனியர் சொன்னது அவருடைய ஆண்டுக்கு.

கடைசி விடுமுறைக்கு அனாட்டமி புத்தகம் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. அந்த மாதங்களில் வேறு ஒன்றைப் படி. ஊட்ரமில் இருக்கும் பொது மருத்துவமனையிலும் நம் மற்ற மருத்துவமனைகளிலும் படுத்திருக்கும் முதியவர்கள் பலர் வலியை ஆங்கிலத்தில் சொல்வதில்லை. மலாயில் 'சாக்கிட்', ஹொக்கியனில் 'தியா', இவை இரண்டு நாளில் வந்துவிடும். தமிழில்தான் நாம் தெரியும் என்று நினைத்து ஏமாறுகிறோம். குத்துகிறதா, குடைகிறதா, சுண்டுகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா? 'கிறுகிறுப்பு' என்று ஒருவர் சொல்வது அறை சுற்றுவதையா, கண் இருட்டுவதையா? 'நெஞ்சு கரிக்குது' என்றால் வயிற்றுப் புளிப்பா, இதயமா? என்ன பரிசோதனை செய்வது என்பது பல சமயம் இந்த ஒரு சொல்லில் தொங்கும்.

அதற்கு உன் வீட்டிலேயே ஆசிரியர் இருக்கிறார். ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார். முழங்கால் எப்படி வலிக்கிறது, காலையில் எப்படி, மழை நாளில் எப்படி, படி இறங்கும்போது எப்படி என்று கேள். நீ திருத்தாமல், அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்.

அன்புடன்,
அக்கா