காகித விமானம் பறக்கும் விதம்: கேள்வி பதில்

கேள்வி: மூக்குக் கூரான அம்பு வடிவம்தான் வெகுதூரம் போகும் என்கிறார்கள். போட்டிக்கு அதையே மடிக்கலாமா?

பதில்: தூரப் போட்டி என்றால் மடிக்கலாம், ஆனால் கை வலு இல்லாதவருக்கு அந்த வடிவம் பெரிதாக உதவாது. 2012-இல் ஜான் காலின்ஸ் வடிவமைத்த விமானத்தை, அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பழகிய ஜோ அயூப் எறிந்து 69.14 மீட்டர் என்ற கின்னஸ் சாதனையை நிகழ்த்தினார். அது அம்பு அன்று. இறக்கை அகன்று, வேகம் குறைந்தபின் மிதந்து செல்லும் கிளைடர். அத்துடன் அம்பின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மூன்று பொறியாளர்கள், ஒடுங்கிய அம்பு போன்ற விமானத்தை மேல்நோக்கி விசையுடன் எறிந்து 88.318 மீட்டரை எட்டினார்கள். ஆகவே உங்கள் தோளைப் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் விமானம் எறிந்தவுடன் மூக்கைத் தூக்குகிறது, ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது, பிறகு விழுந்து மறுபடியும் தூக்குகிறது. வடிவத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நல்ல வடிவங்கள் குப்பைக் கூடைக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூக்கு அளவுக்கு மீறி நிமிரும்போது இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை குறைந்து விமானம் சரிகிறது. சரியும்போது வேகம் கூடி மீண்டும் நிமிர்கிறது. இறக்கையின் பின்விளிம்பு தேவைக்கு மேல் மேல்நோக்கி வளைந்திருப்பதோ, எடை மையம் பின்தள்ளி அமைந்திருப்பதோ இதற்குக் காரணம்.

தோள் உயரத்திலிருந்து, ஊசியில் நூல் கோக்கும் நிதானத்தோடு மெல்ல முன்னே செலுத்திப் பாருங்கள். மூக்கைத் தூக்கினால் பின்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒருமுறை கீழ்நோக்கி நீவுங்கள். நேராகத் தரையில் குத்தினால் மேல்நோக்கி நீவுங்கள். வளைவு அரை மில்லிமீட்டர்கூட வேண்டியிராது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அதிகமாக வளைத்துவிட்டீர்கள். இடப்பக்கம் திரும்பினால் வலது இறக்கையின் பின்விளிம்பைச் சற்றே உயர்த்துங்கள். ஒரு வீச்சுக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் பலன் தந்தது எது என்று தெரியாது.

இதற்கெல்லாம் முன்பு, விமானத்தை மூக்கு உங்களை நோக்கியிருக்குமாறு கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். இரு இறக்கைகளும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறிது உயர்ந்து, ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் மற்றத் திருத்தங்கள் அனைத்தும் வீண்.

கேள்வி: எந்தத் தாள் நல்லது?

பதில்: வழக்கமான 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம், 100 ஜிஎஸ்எம் தாள் ஏறத்தாழ 6.25 கிராம். கனமான தாள் எறிந்த வேகத்தை நீண்ட நேரம் தக்கவைக்கிறது என்பதால் தூரத்துக்கு அது ஏற்றது. ஆனால் அடுக்கடுக்காக மடிக்கும்போது மூக்குப் புடைத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சிய தாளில் மடிப்பு நிற்காது. எனவே தாள்களை உறையில் மூடி வையுங்கள். மடிப்பை விரலால் அழுத்துவது போதாது, நகத்தாலோ அளவுகோலின் விளிம்பாலோ நீவ வேண்டும்.

கேள்வி: டேப் ஒட்டலாமா?

பதில்: போட்டி விதியைப் படியுங்கள். 69.14 மீட்டர் பறந்த விமானத்தில் விதி அனுமதித்த சிறு துண்டு டேப் இருந்தது. ரெட் புல் பேப்பர் விங்ஸ் என்ற பன்னாட்டுக் காகித விமானப் போட்டியின் தூரம், மிதக்கும் நேரம் ஆகிய பிரிவுகளிலோ ஒரே தாளை மடிக்க மட்டுமே அனுமதி. வெட்டவும் ஒட்டவும் கூடாது.

கேள்வி: அதிக நேரம் மிதக்க வைக்க மென்மையாக எறிவதுதானே முறை?

பதில்: அப்படித்தான் எவருக்கும் தோன்றும், உண்மை நேர்மாறானது. 1998-இல் கென் பிளாக்பர்ன் 27.6 விநாடியும், 2010-இல் ஜப்பானின் தாகுவோ தோடா 29.2 விநாடியும் மிதக்க வைத்தது விமானத்தை ஏறத்தாழச் செங்குத்தாக, முழு வலுவோடு மேலே எறிந்துதான். உயரம்தான் நேரமாக மாறுகிறது. உச்சியில் விமானம் தானாகவே புரண்டு கிடைமட்டத்துக்கு வந்து, அகலமான வட்டமிட்டு இறங்க வேண்டும். அந்தப் புரளலில் தடுமாறினால் ஏறிய உயரத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும். கூரை தாழ்ந்த அறையில் இதைப் பழக முடியாது. உயரமான உள்ளரங்கு வேண்டும்.

கேள்வி: போட்டிக்கு ஒரே விமானம் போதுமா?

பதில்: போதாது. சுவரில் ஒருமுறை மோதினாலே மூக்கு நசுங்கி, எடை மையமும் சமநிலையும் மாறிவிடும். ஒரே வடிவத்தில் ஐந்தாறு மடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துவையுங்கள். நேராகச் செல்லும் இரண்டை ஒதுக்கி வைத்து, பயிற்சிக்கு மற்றவற்றை எறியுங்கள்.