வாசகர் கேள்வி: பழைய பாலம், சின்ன மேசை

கேள்வி: பழைய அமெரிக்க ரயில் மரப்பாலத்தின் வரைபடத்தை இறக்கிவைத்திருக்கிறேன். கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவு. ஹெச்ஓ (HO) என்ற மாதிரி ரயில் அளவுக்கு எப்படிச் சுருக்குவது? மேசையில் அவ்வளவு நீளத்துக்கு இடமும் இல்லை.

பதில்: உங்கள் படம் 1:48, ஹெச்ஓ 1:87.1. கணக்குப்படி படத்தை 55 சதவீதமாகச் சுருக்க வேண்டும். ஆனால் அதை நம்பி அச்சிடாதீர்கள். கோப்பின் தாள் அளவு மூலத்தாளின் அளவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. படத்தின் ஓரத்தில் அளவுகோல் பட்டை இருந்தால், அச்சில் அதன் 10 அடி சரியாக 35 மி.மீ. வர வேண்டும். பட்டை இல்லையென்றால், நீளம் எழுதியுள்ள ஏதாவது ஒரு பகுதியை அளந்து பாருங்கள். அசலில் 12 அங்குலத் தடிமனுள்ள மரக்கட்டை மாதிரியில் 3.5 மி.மீ. சட்டமாகும்.

நீளத்தைக் குறைக்க, பாலத்தைத் தாங்கும் கால்வரிசைகளில் இரண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். மீதிக் கால்வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் கைவைக்காதீர்கள், நெருக்கினால் பாலம் வேலிபோலத் தெரியும்.