பிஎஸ் 5-ஐ விற்றுவிட்டுத்தான் கல்யாணம் பண்ணோணுமா?

கேள்வி

வணக்கமுங்க. எனக்கு வயது 27. வீடு சென்னிமலைப் பக்கம். பெருந்துறை சிப்காட்டில் ஒரு துணி ஆலையில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கரூர்.

'அசாசின்ஸ் க்ரீட்' கேம்கள் என்றால் எனக்கு உயிர். காலேஜ் காலத்தில் அண்ணனுடைய கம்ப்யூட்டரில் 'பிளாக் ஃபிளாக்' விளையாடப் போய்ப் பிடித்துக்கொண்டது. இன்று சொந்தச் சம்பளத்தில் வாங்கிய பிஎஸ் 5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) இருக்கிறது. அதே வரிசையில் வந்த 'ஆரிஜின்ஸ்', 'ஒடிஸி', 'வல்ஹல்லா' மூன்றையும் மேப்பில் ஓர் இடம் விடாமல் முடித்துவிட்டேன். இப்போது 'ஷேடோஸ்'. அரை மணி நேரம் என்றுதான் உட்காருகிறேன், எழுந்திருக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். காலையில் கண் எரிச்சலோடு பஸ் ஏறுகிறேன்.

மாப்பிள்ளை இரவு பத்து மணிக்குத்தான் போன் செய்வார். பாதி நாள் எடுப்பதில்லை. மறுநாள் "ஆபீஸ் வேலைங்க" என்று சொல்லிவிடுகிறேன். கேம் விளையாடுவது ஒரு நோய் என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை அம்மா எனக்கே அனுப்பினார். "கட்டிக்குடுக்கற ஊட்டுக்கு இதையும் தூக்கீட்டுப் போவியா கண்ணு? மானம் போயிரும். வித்துப்போடு" என்கிறார். ஒரு கேம் முடிந்தால் இரண்டு மூன்று நாள் எதுவும் பிடிக்காமல் போவதும் உண்டு. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? விற்றுவிடட்டுமா?

— பெயர் வேண்டாமுங்க, ஈரோடு மாவட்டம்

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் 'கேமிங் டிஸார்டர்' இருப்பது உண்மை. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் விளையாடினால் நோய் என்று அதில் கணக்கு எதுவும் இல்லை. பார்ப்பது மூன்று விஷயங்களை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போவது. மற்ற எல்லா வேலையையும் விருப்பத்தையும் கேம் பின்னுக்குத் தள்ளிவிடுவது. கெடுதல் நடப்பது தெரிந்த பிறகும் தொடர்வது. இவை வேலையையோ குடும்பத்தையோ கண்கூடாகப் பாதித்து, பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நீங்கள் வேலையை விடவில்லை. முதலாவதும் மூன்றாவதும் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கின்றன. கடிதத்தை வைத்து யாரும் நோயைத் தீர்மானிக்க முடியாது. எனக்குத் தெரிவது இரண்டு: தூக்கம் கெட்டிருக்கிறது, பொய் பழகிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சரிசெய்ய முடியும். பெட்டியை விற்றாலும் இவை தானாகச் சரியாகிவிடாது.

முதலில் அளந்து பாருங்கள். பிஎஸ் 5-இல் உங்கள் ப்ரொஃபைலுக்குள் கேம்ஸ் பகுதியில், ஒவ்வொரு கேமையும் எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள் என்பது இருக்கும். கேமில் ஒன்றைச் சாதித்தால் கிடைக்கும் ஒவ்வொரு டிராபியும் எந்தத் தேதி, எந்த நேரத்தில் கிடைத்தது என்பதும் பதிவாகியிருக்கும். நள்ளிரவுக்கு மேல் கிடைத்தவை எத்தனை, அவற்றில் மறுநாள் வேலை இருந்த இரவுகள் எத்தனை என்று பாருங்கள். உங்கள் ஞாபகத்தை விட அந்தப் பட்டியலை நம்பலாம். இதோடு போனில் பார்ப்பதையும் கூட்டுங்கள். ரசிகர்கள் பலரும் கன்ட்ரோலரைக் கீழே வைத்ததுமே விளையாட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு படுக்கையில் பார்க்கும் டிரெய்லரும், கதை விளக்க வீடியோவும், 'ஷேடோஸ்' நாயகர்களில் ஒருவரான யாசுகே, ஜப்பானியத் தளபதி நோபுனாகாவிடம் இருந்த நிஜ ஆள், சாமுராயா இல்லையா என்று ரசிகர்கள் போடும் சண்டையும் கணக்கில் வருவதில்லை. அந்தச் சண்டை கேமில் வரும் சண்டையை விட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கும்.

அரை மணி நேரம் ஏன் மூன்று மணி நேரமாகிறது? உங்கள் மன உறுதியைக் குறை சொல்லுமுன் கேமின் அமைப்பைப் பாருங்கள். 'ஒடிஸி'யில் மெயின் கதைக்கு மட்டும் ஏறத்தாழ 45 மணி நேரம் போதும். மேப் முழுவதையும் துடைத்தெடுக்க 140 மணி நேரத்தைத் தாண்டும். கதை பிடித்துப் போய் விளையாடுவது ஒன்று. மிச்சமிருக்கும் குறிகளை அழிப்பதற்காக விளையாடுவது வேறொன்று. உங்கள் தூக்கத்தைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. ஒரு மிஷன் முடிந்த நொடியே அடுத்த மிஷன், புது லெவல், புதுத் திறமை வாங்கச் செலவழிக்க ஒரு எபிலிட்டி பாயின்ட் மூன்றும் ஒன்றாகக் கைக்கு வரும். பல பாகங்களில் வியூ பாயின்ட் என்ற உயரமான கோபுரத்தில் ஏறிச் சுற்றிப் பார்த்து 'சிங்க்ரனைஸ்' செய்தவுடன் மேப்பில் புது இடங்கள் முளைக்கும். ஆகவே "இந்த மிஷனோடு சரி", "இந்தக் கோபுரத்தோடு சரி" என்பவை நிறுத்துவதற்கு மோசமான இடங்கள்.

நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் 9:30-க்கு மேல் புது மிஷன் எடுப்பதில்லை. கடைசி பஸ் போன மாதிரிதான், அதற்குமேல் நாளைக்கு. ஒரு மிஷன் 15 முதல் 30 நிமிடம் இழுக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. எடுத்ததை முடித்துவிட்டு, 'ஷேடோஸ்'ஸில் உங்கள் இருப்பிடமான ஹைட்அவுட்டுக்குத் திரும்பி, கொல்லுப்பட்டறையில் ஆயுதத்தை மேம்படுத்தி, சேவ் செய்து நிறுத்துங்கள். அங்கே புது ஆசை காட்ட ஆள் குறைவு. ஆனால் மரமும் நடைபாதையும் வைத்து ஹைட்அவுட்டை அழகுபடுத்த ஆரம்பித்தால், டிசைனரான உங்களுக்கு அதிலேயே ஒரு மணி நேரம் போகும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மிஷன் நடுவில் பத்து மணி ஆகிவிட்டதா? பெட்டியை ரெஸ்ட் மோடில் (தூங்கும் நிலையில்) போடுங்கள், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். "சேவ் பண்ண முடியல" என்ற சாக்கு பிஎஸ் 5-இல் செல்லாது.

சோனியின் நேரக் கட்டுப்பாடு குழந்தைகளின் கணக்குக்குத்தான். பெரியவர்கள் தங்களுக்கே பூட்டுப் போட்டுக்கொள்ள வழியில்லை. அலாரம் வைத்த போனை அறையின் மறுகோடியில் வையுங்கள். சோபாவில் பக்கத்திலேயே இருந்தால் கை தானாக அணைத்துவிடும். விளையாட்டு பத்துக்கு முடியட்டும், படுக்கை பதினொன்றுக்கு. சண்டைக் காட்சியின் படபடப்பு அடங்க முக்கால் மணி நேரமாவது வேண்டும், தூக்கத்துக்கு ஏழு மணி நேரம். 'ஒடிஸி'யின் அறிவிப்புப் பலகையில் நேரம் குறித்து வரும் வேலைகளையும், 'வல்ஹல்லா'வில் ரேடா தினமும் தரும் வேலைகளையும் மறுபடி தொடாதீர்கள். தினமும் வரவழைப்பதற்காகவே வைத்தவை அவை.

கேம் முடிந்ததும் வரும் வெறுமை இயல்பானது. நூறு மணி நேரம் கூடவே இருந்த 'ஒடிஸி' நாயகி கஸாண்ட்ரா சட்டென்று இல்லாமல் போகிறாள் அல்லவா? அதை மூடி மறைக்க அன்றே அடுத்த கேமை டவுன்லோடு செய்வதுதான் தப்பு; இரண்டு வாரம் விடுங்கள். பிறகும் ஆசை இருந்தால் 15 முதல் 20 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும் 'மிராஜ்' மாதிரி சின்னதாக எடுங்கள்.

அடுத்தது மாப்பிள்ளை. இது கேமை விட அவசரம். கல்யாணத்துக்கு முன்பே, நேரில் சொல்லுங்கள்: "எனக்கு வீடியோ கேம் ரொம்பப் புடிக்குமுங்க. போன் எடுக்காத நாள்ல ஆபீஸ் வேலைன்னு சொன்னது பொய்ங்க. இனி பத்து மணிக்குக் கட்டாயம் எடுப்பேன்." இவ்வளவு போதும். அசாசின்களும் டெம்ப்ளர்களும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் அப்போதே விளக்க வேண்டாம். அவர் பார்க்க ஆசைப்பட்டால் சண்டை மிஷனைக் கொடுக்காதீர்கள். பழக்கமில்லாதவருக்கு ஒரு கட்டைவிரலால் நடப்பதும் மறு கட்டைவிரலால் கேமராவைத் திருப்புவதும் சேர்ந்து வராது. இரண்டு முறை செத்ததும் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 'ஆரிஜின்ஸ்'ஸில் இருக்கும் 'டிஸ்கவரி டூர்' போடுங்கள். சண்டை கிடையாது, பிரமிடு, அலெக்சாந்திரியா, மம்மி செய்முறை என்று 75 சுற்றுலாக்கள்.

கரூர்க்காரருக்கு இதில் சொந்தச் சரக்கும் உண்டு. 'ஆரிஜின்ஸ்' கதை நடப்பது கிளியோபாட்ரா காலத்து எகிப்தில். கிளியோபாட்ராவைத் தோற்கடித்து கி.மு. 30-இல் எகிப்தைப் பிடித்த ஆக்டேவியன்தான் பிறகு அகஸ்டஸ் ஆனார். எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள் ரோமர் கைக்குப் போனதும் தமிழகத்துடன் கடல் வணிகம் பெருகியது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அதிகம் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. உங்கள் பக்கம் கொடுமணல் இருக்கிறது: சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில், இரும்பு உருக்கி, மணிக்கல் அறுத்து விற்ற ஊர். 'கொடுமணம்' என்று பதிற்றுப்பத்து சொல்வது இதைத்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு ஞாயிறு காலை வெயிலுக்கு முன் போய்விட்டு வரலாம். பெரிய கட்டடங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வயலும், பெருங்கற்கால நடுகற்களும், கல்வட்டங்களும்தான் இருக்கும். கேமில் கதையும் நிஜமும் கலந்தே வரும். எது எதுவென்று பிரித்துப் பார்ப்பது கேள்விக்குறிகளை அழிப்பதை விட நல்ல பொழுதுபோக்கு, இரவு ஒரு மணி வரை உட்கார வைக்காது.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். டிராபி நேரங்களையும், பத்து மணிக்கு விளையாட்டை நிறுத்திப் பழகும் அடுத்த நான்கு வாரக் கணக்கையும் காட்டுங்கள். தினமும் மூன்று சீரியல் பார்ப்பதை யாரும் நோய் என்பதில்லை என்ற நியாயம் மனதில் வரும். அதை மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோவதானால், ஹால் டிவியில் மாட்டாதீர்கள். இரவு ஏழிலிருந்து பத்து வரை அது உங்களுக்குக் கிடைக்காது, கேட்டால் சண்டைதான். அறைக்குள் ஒரு 24 இன்ச் மானிட்டர் போதும். பீரோவுக்குள் ஒளித்து வைப்பது மட்டும் வேண்டாம். எல்லாம் யோசித்த பிறகும் விற்பதென்றால், டிஜிட்டலாக வாங்கிய கேம்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கும், பெட்டியில் இல்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் சேவ் ஃபைல்களை முதலில் கிளவுடில் ஏற்றிவிடுங்கள்.

இந்த நான்கு வாரத்தில் பத்து மணிக் கோட்டை வாரத்துக்கு ஓரிரு முறை தாண்டினால் பரவாயில்லை. பாதி நாளுக்கு மேல் தாண்டினாலோ, விளையாடாத நாளில் எரிச்சலும் படபடப்பும் வந்தாலோ, மறுபடி பொய் சொல்ல நேர்ந்தாலோ நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.