ஊற்றுக்கு மோட்டார் இல்லை

கேள்வி: டெக்சாஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். விம்பர்லி அருகே ஜேக்கப்ஸ் வெல் என்ற ஊற்றைப் பார்க்க ஆசையாகப் போனோம். குளிக்கத் தடை, தண்ணீரும் அசையாமல் கிடந்தது. வறட்சிதான் காரணம் என்கிறார் மாப்பிள்ளை. ஆனால் வழியெல்லாம் வீட்டுப் புல்வெளிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்களே? ஒரு நல்ல மழை பெய்தால் ஊற்று திரும்பிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாப்பிள்ளை சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நீங்களே வழியில் பார்த்துவிட்டீர்கள்.

1950-களில் டெக்சாஸை ஏழு ஆண்டுகள் வறட்சி வாட்டியது. அந்த மாநிலத்தின் நீர்த் திட்டங்களுக்கு இன்றும் அதுதான் அளவுகோல். அப்போதுகூட இந்த ஊற்று நிற்கவில்லை. முதன்முறையாக நின்றது 2000-இல், மறுபடி 2008-இல். குற்றம் வானத்தின் மேல் மட்டும் என்றால், ஏழு ஆண்டைத் தாங்கிய ஊற்று இதைத் தாங்காதது ஏன்? இடையில் பெருகியவை வீடுகளும் ஆழ்துளைக் கிணறுகளும்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறை விளிம்பிலிருந்து நானும் குதித்திருக்கிறேன். சுமார் 12 அடி அகல வாய்; உள்ளே 30 அடி செங்குத்து, அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறைக் குகை. தண்ணீரின் குளிர்ச்சியில் முதலில் மூச்சே வரவில்லை. பிறகுதான் உள்ளங்காலை ஏதோ மெல்ல மேலே தள்ளுவதை உணர்ந்தேன். அந்தத் தள்ளல்தான் ஊற்று. ட்ரினிட்டி என்ற நிலத்தடி நீர்ப்பாறையில் அழுத்தம் போதிய அளவு இருக்கும்வரை தண்ணீர் தானாகவே வாய்வரை ஏறி வழியும். 1924-இல் நொடிக்கு 170 கேலன் வழிந்தது.

சுற்றிலும் மோட்டார்கள் இழுக்க இழுக்க அழுத்தம் இறங்குகிறது. கிணற்றுக்காரர் தண்ணீர் எட்டாவிட்டால் குழாயை இன்னும் கீழே இறக்குவார். ஊற்றின் வாய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் முதலில் தோற்பது அதுதான். மழை பொய்க்கும் அதே மாதங்களில்தான் மோட்டார்களும் அதிக நேரம் ஓடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் கிணற்றுக்காரர் பக்கம். தன் நிலத்துக்கு அடியிலிருந்து இறைப்பது உரிமையாளரின் உரிமை என்று 1904-இலேயே அங்கே தீர்ப்பாகிவிட்டது. உள்ளூர் நிலத்தடி நீர் வாரியம் 2020-இல் ஊற்றைச் சுற்றித் தனி மண்டலம் வகுத்து, உரிமம் பெற்றவர்களின் இறைப்பைக் கட்டுப்படுத்தியது. ஆனால் சாதாரண வீட்டுக் கிணற்றுக்கு அந்த உரிமமே தேவையில்லை. ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்புவது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மழையா? ஒரு மழைக்குப் பின் சில நாள் ஓடலாம். நிலைத்து ஓட வேண்டுமானால் பாறைக்குள் மட்டம் வாய்வரை ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து பல மழை வேண்டும்.

அந்த ஊற்றின் ஓட்டத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. அடுத்த முறை கிளம்பும்முன் மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். நொடிக்கு எத்தனை கன அடி என்ற இடத்தில் சுழியம் இருந்தால், துண்டை எடுத்துப் போக வேண்டாம்.