மூட்டையை எங்கே வைப்பார்?

கேள்வி: சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு (கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) எங்களுடையது. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழு பேர் இருக்கிறோம். ஸ்டேஷன் வாசலிலும் கடைத் திண்ணைகளிலும் படுத்திருப்பவர்களை ஞாயிறு பூசைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டோம். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள், மறுவாரம் ஒருவர், அதற்கடுத்த வாரம் யாருமில்லை. சாப்பாடு போட்டால் வருவார்கள் என்கிறார் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர். நன்மை (பூசையில் கொடுக்கும் அப்பமாகிய நற்கருணை) வாங்கும் வரிசையில் அவர்கள் வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. எங்கே தப்பு செய்தோம்?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நன்மையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வந்த நான்கு பேரும் மூட்டையை எங்கே வைத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. அதை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். தப்பு அநேகமாக அங்கேதான்.

தெருவில் படுப்பவரின் மூட்டையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு போர்வை, மாற்றுத் துணி, தட்டு, தண்ணீர் பாட்டில், பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, பாதி தின்ற மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்த ஆதார் ஜெராக்ஸ். அவர் வீடு மொத்தமும் அதற்குள் இருக்கிறது. கோயில் வாசலில் நிற்கும் தொண்டர் நல்ல எண்ணத்தோடுதான், "அதை அங்க ஓரமா வெச்சிட்டு உள்ள போங்க" என்பார். ஒரு மணி நேரம் அது கண் மறைவில் கிடக்க வேண்டும். உள்ளே எடுத்துப்போனாலோ பக்கத்து பெஞ்சில் இருப்பவர் முந்தானையை இழுத்துக்கொள்வார். செருப்புக்கும் இதே கதிதான். நமக்குத் தொலைந்தால் வேறு ஜோடி இருக்கிறது. அவருக்குத் தொலைந்தால் சித்திரை வெயிலில் தார்ச்சாலை. அதனால் மூட்டையை விட்டு வந்தவர் பிரசங்கம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுவாரம் வரமாட்டார்.

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 25 கிலோ அரிசி வந்த காலிச் சாக்கு பத்து எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஸ்டாண்டில் தருவது போல ஒரே எண் எழுதிய அட்டை இரண்டிரண்டாகப் பத்து ஜோடி செய்யுங்கள். மூட்டையையும் செருப்பையும் சேர்த்து ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, ஒரு அட்டையை அதில் கட்டுங்கள். மற்றது அவர் கையில். மூட்டையைப் பிரித்துப் பார்க்காதீர்கள், "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்கவும் வேண்டாம். ஆளுக்கொரு தனிச் சாக்கு என்பதற்குக் காரணம் உண்டு: ஒரு மூட்டையின் பூச்சி இன்னொன்றுக்குப் போகாது. பயன்படுத்திய சாக்கை வெயிலில் உதறிக் காயப்போட்டால் போதும்.

சாக்குகளை சக்ரீஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) வைத்துப் பூட்டாதீர்கள். பூசை முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவியோடு டீ குடிக்கப் போய்விடுவார். மூட்டைக்காக ஒருவர் அரைமணி நேரம் பூட்டிய கதவின் முன்னால் நிற்பார். அதோடு உங்கள் அழைப்பு முடிந்தது. பக்கவாசலின் உட்புறம், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பினால் தெரியும்படி வையுங்கள். உங்களில் ஒருவர் பூசை முழுக்க அங்கேயே உட்காரட்டும். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்பவரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஞாயிறு காலைதான் தெருவில் இருப்பவருக்கு வருமானம் கிடைக்கும் நேரம். உங்கள் கோயில் வாசலில் கையேந்துபவரை அந்த நேரத்தில் உள்ளே கூப்பிட்டால், அன்றைய சாப்பாட்டுக் காசை விட்டுவிட்டு வா என்று சொல்வதாக ஆகும். பக்தி இல்லை என்று அவரைக் குறை சொல்லாதீர்கள். தொடக்கத்துக்கு வாரநாள் மாலைப் பூசை நல்லது. அரைமணி நேரத்தில் முடியும், கூட்டம் குறைவு, பட்டுப்புடவை குறைவு. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபமும் வியாழக்கிழமை குழந்தை இயேசு நவநாள் ஜெபமும் வேறு மதத்தாருக்கும் பழகியவை. அரிசிப்பாளையத்தில் இருக்கும் நம் மறைமாவட்டப் பேராலயமே குழந்தை இயேசுவின் பெயரில்தான் இருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் போக யாரும் வருவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாரநாள் என்றால் இன்னொரு வசதி: காலில் புண் உள்ளவர் அன்று காலை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு வர முடியும், ஞாயிற்றுக்கிழமை அது கடினம். பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவது பெரும்பாலும் குளிக்காத உடம்புக்காக அல்ல, மாற்றாத கட்டுக்காக. அவர் இரவு மாநகராட்சித் தங்குமிடத்தில் படுப்பவராக இருந்தால், அங்கே கதவு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குளிக்க வைத்துத்தான் கூட்டி வர வேண்டும் என்று உங்கள் ஆட்கள் சிலர் சொல்வார்கள். குளிக்க வசதி தரலாம், நிபந்தனை ஆக்கக்கூடாது. ஒரே குளியலறை என்றால் ஆளுக்குக் கால் மணி நேரம். ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் சோப்பை நீட்டுவதில் பயனில்லை.

அழைக்கும் முறையையும் மாற்றுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய வழக்கமே இரண்டு பேராகப் போய்ச் சந்திப்பதுதான். ஏழு பேரும் கும்பலாகப் போனால் ரெய்டு மாதிரி இருக்கும். ஒரே இரண்டு பேர், ஒரே கிழமை, ஒரே நேரம், மூன்று வாரம் தொடர்ந்து போங்கள். பூசையைப் பற்றிப் பேச வேண்டாம். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். நாலாவது வாரம், "ஐயா, வியாழக்கிழமை சாயங்காலம் பூசை இருக்கு, நாங்க போறோம். நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டால் போதும். வரவில்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே மாதிரி போய் உட்காருங்கள். உங்களில் ஒருவருக்கு அவர்களில் ஒருவர் என்பதே கணக்கு. நான்கு துணையாள் இருந்தால் நான்கு பேர், ஐந்தாவது ஆளை அடுத்த மாதம் பார்க்கலாம்.

உள்ளே எங்கே உட்கார வைப்பது? கடைசி வரிசை வேண்டாம், அங்கேதான் எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள். முதல் வரிசையும் வேண்டாம், எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆள் இருக்காது. பின்னாலிருந்து மூன்றாவது நாலாவது பெஞ்ச், பக்கவாசல் ஓரம், மின்விசிறிக்குக் கீழே. கால் வீங்கியவரைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது நம்மூரில் கைகுலுக்குவதில்லை, கும்பிடுகிறோம். அதுவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர் பக்கம் திரும்பும் இடம் அதுதான். துணையாள் முதலில் அவரைக் கும்பிட்டால் முன் பெஞ்சில் இருப்பவரும் திரும்பிக் கும்பிடுவார். காணிக்கைப் பை வரும்போது அவரைத் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள், அவர் முன்னால் நிறுத்திப் பிடிக்கவும் வேண்டாம். மற்றவருக்கு நீட்டுகிற அதே நேரம்தான். ரெண்டு ரூபாய் போட்டால், "உங்களுக்கு வேண்டாங்க" என்று தடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பூசையில் யாரும் உட்காரலாம், அதற்குத் தடையில்லை. நற்கருணை, திருமுழுக்குப் பெற்று முதல் நன்மை வாங்கிய கத்தோலிக்கருக்கு. இதை வரிசையில் வைத்துச் சொல்லக்கூடாது, வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "எல்லாரும் எழுந்து முன்னால போவாங்க, நாம உட்கார்ந்திருப்போம்" என்று சொல்லுங்கள். அந்த 'நாம' பொய்யாகக் கூடாது. அவரோடு துணையாள் ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர்கள் போய் வாங்கி வரட்டும். மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து ஆசீர் வாங்கும் வழக்கம் சில பங்குகளில் இருக்கிறது. உங்கள் ஃபாதருக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தெரியாமல் யாராவது போய் அப்பத்தைக் கையில் வாங்கிவிட்டால், பின்னால் ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். கொடுப்பவர் முன்னாலேயே உட்கொள்கிறாரா என்று பார்ப்பது கொடுப்பவரின் வேலை.

ஆனால் ஒன்று. தெருவில் இருப்பவரில் கத்தோலிக்கர் இருக்க மாட்டார் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். வேலை தேடி வந்து வழிதவறியவர்கள், வீட்டில் துரத்தப்பட்டவர்கள், குடியால் குடும்பத்தை விட்டவர்கள் என்று நம் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். "நான் அருளப்பன், ஏழாம் வகுப்பில் புதுநன்மை வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பங்கு, ஞானஸ்நானச் சீட்டு எங்கே, பங்கின் குடும்ப அட்டை எங்கே, கோயில் சந்தா பாக்கி இல்லையா என்று ஆரம்பிக்காதீர்கள். கல்யாணத்துக்குத்தான் சீட்டு வேண்டும், நன்மை வாங்கச் சீட்டு தேவையில்லை. பல வருடம் விட்டுப்போனவர் என்றால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய விரும்புகிறாரா என்று கேளுங்கள். பூசைக்கு அரைமணி முன்னால் ஃபாதரை உட்காரச் சொல்லுங்கள், மீதி அவர்கள் இருவருக்கும் இடையில். அதற்குச் சொல்லும் ஜெபம் மறந்துவிட்டது என்பார், ஃபாதர் சொல்லிக் கொடுப்பார். டீ குடித்துவிட்டேனே என்று தயங்குவார். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர ஒருசந்தி (எதுவும் சாப்பிடாமல் இருப்பது) என்பது சட்டம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. வயதானவரும் நோயாளியும் அவர்களைப் பார்த்துக்கொள்பவரும், அந்த ஒரு மணிக்குள் சாப்பிட்டிருந்தாலும் வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது, எண் 919. காசநோய் மாத்திரைக்காக இட்லி சாப்பிட்ட மனிதரை எழுந்து போகவிடாமல் தடுக்க உங்கள் பங்குப் பேரவைக்கு அதிகாரமில்லை.

சாப்பாடு? கொடுங்கள், ஆனால் பூசையோடு முடிச்சுப் போடாதீர்கள். பூசைக்கு முன் வளாகத்தில் டீயும் பன்னும், உள்ளே வருபவருக்கும் வராதவருக்கும் ஒரே மாதிரி. பூசை முடிந்ததும் டோக்கனைக் காட்டினால்தான் பொட்டலம் என்று வைத்தால் கூட்டம் வரும், மனிதர் வரமாட்டார். மதம் மாற்றச் சோறு போடுகிறார்கள் என்ற பேச்சுக்கும் நீங்களே இலை போட்டதாகும். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002இல் வந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் பேச்சு இருக்கிறது. யாராவது சேர விரும்பினால் அது மாதக்கணக்கில் மறைக்கல்வி படித்துப் பிறகு நடப்பது. வாசலில் ஜெபமாலை பரிசளிக்க வேண்டாம்.

இனி தரகர்கள். நீங்கள் தொடங்கியது தெரிந்ததும் மூன்று வகை ஆட்கள் வருவார்கள்.

"எத்தனை பேர் வேணும்? நான் கூட்டியாரேன், தலைக்கு அம்பது குடுங்க" என்று ஒருவர் வருவார். விசேஷங்களுக்கு அன்னதான வரிசை நிரப்பித் தருவதே அவர் தொழில். அவர் கூட்டி வருபவரின் கையில் கிடைப்பதில் பாதி அவரிடம் போகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்களையும் அனுப்புவார். குழந்தை மயங்கிய மாதிரியே இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், அவரிடம் விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டாமவர் வேனோடு வருவார். "எங்க இல்லத்துல சேர்த்துக்கறோம்" என்பார். பதிவுச் சான்றைக் கேளுங்கள், போய்ப் பாருங்கள், இரவில் போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பவர் தன் இஷ்டத்துக்கு வெளியே வந்து டீ குடிக்க முடிகிறதா என்பது ஒன்றே போதுமான சோதனை. தெருவில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அவரை வேனில் ஏற்ற உங்களுக்கும் உரிமையில்லை, அவருக்கும் இல்லை. மனநிலை சரியில்லாமல் அலைபவர் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது போலீசின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் இதைச் சொன்னால், "உங்க கோயில்லயே வெச்சிக்கங்க" என்பார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லி, எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

மூன்றாமவர் மரியாதையாகப் பேசுவார். முதியோர் உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கிக்கொள்வார். மாதாமாதம் வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்று பிறகு தெரியும். உங்கள் சபையார் கூடப் பத்திரமாக வைக்கிறேன் என்று அசலை வாங்கி வைக்காதீர்கள். முகவரி இல்லாதவரிடமே முகவரிச் சான்று கேட்கும் இந்த ஏற்பாட்டை என்ன சொல்ல! அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் பொறுப்பாளர் போட்டோ ஒட்டிக் கொடுக்கும் சான்றை ஆதாருக்கு ஏற்கிறார்கள். ஆனால் தங்குமிடம் இருந்தால்தானே? ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் இடம் ஒன்று என்பது மத்திய அரசு வகுத்த வழிகாட்டல். 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்தைத் தாண்டிய ஊர் சேலம். எட்டு இடங்களின் முகவரியையும் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள்.

நாலாவது தரகர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், செல்போன். உலக வறியோர் நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி, 2017 நவம்பரிலிருந்து கொண்டாடுகிறோம். அன்று ஒருநாள் பேனர், பிரியாணிப் பொட்டலம், வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ. வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்பவர்கள் தெருவில் நிறையப் பேர். ஒரு வாட்ஸப் படம் போதும், அவர் சேலத்தை விட்டே போய்விடுவார். எந்த நாளிலும் படம் எடுக்க வேண்டாம்.

பிப்ரவரியில் ஏற்காடு லூர்து மாதா கெபிக்கு (குகைக் கோயிலுக்கு) அவர்களையும் வேனில் கூட்டிப்போகலாம் என்று யாராவது கிளம்புவார்கள். இப்போதைக்கு வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் வெறும் வயிற்றுக்காரர் வாந்தி எடுப்பார், சாயங்காலக் குளிருக்குப் போர்வை இருக்காது, இறங்கும்போது ஒருவர் குறைவார்.

குடித்துவிட்டு வந்தவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். சத்தம் போடாதவரை உட்காரட்டும். கை நடுங்கினால் எல்லாம் குடி அல்ல. குடியை நிறுத்தியதாலும் நடுங்கும், அது இன்னும் ஆபத்து. அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஒரு சிறு நோட்டில் பெயர், ஊர், படுக்கும் இடம் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். ஜாதி வேண்டாம், மதம் வேண்டாம். வந்துகொண்டிருந்தவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால், பக்கத்தில் படுப்பவரிடம் விசாரித்துவிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108 கொண்டுவந்து போட்டவர்களை 'பெயர் தெரியாதவர், ஆண், சுமார் 60' என்று பதிந்திருப்பார்கள். அவர் அங்கே இருந்தால் நர்ஸிடம் பெயரைச் சொல்லிப் பதிவேட்டில் திருத்தச் சொல்லுங்கள். சாக்கில் கட்டி வைத்த மூட்டை உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், மாத்திரைச் சீட்டு அதற்குள்தான் இருக்கும்.